கடை வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி

கடலூர், மாசி மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அங்கே வெயில் ஏறுவதற்குள் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ போடப்போகிற கார் ஆடியோ கடையின் படத்தையும் கணக்கையும் பார்த்தேன். புதுச்சேரி நூறடி ரோட்டில் கண்ணாடி முகப்பு, சுவர் முழுக்க ஸ்பீக்கர் அடுக்கு, வாசலில் உன் பெயர்ப்பலகை. பார்த்ததும் மனசு நிறைந்துபோனது. கணக்குத் தாளைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று பட்டது. போனில் பேசினால் உனக்கு அடுத்த வண்டி வந்துவிடுகிறது, பாதியில் வைத்துவிடுகிறாய். லீவு நாளில் நிதானமாகப் படி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை போடு. ஷார்ஜாவில் முதலாளிக்காகக் குனிந்து குனிந்து உழைத்தது போதும். ஆனால் நீ திட்டம் போட்டிருப்பது பாட்டு செட்டைப் பெட்டியோடு வாங்கி விற்கிற கடை. உன்னிடம் இருப்பது மாட்டுகிற கை. கையை நம்பிக் கடை போட்டால் நான் முன்னால் நிற்கிறேன். பெட்டியை நம்பிப் போட்டால் என் மனசு ஒப்பவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அப்பாவின் பட்டறைக் கணக்கை இத்தனை காலமாக நான்தானே எழுதுகிறேன். அவர் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பார்ப்பார். இடையில் பாட்டு செட்டும் மாட்டுவார். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ், அப்புறம் ப்ளூடூத், இப்போது ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன். ஒவ்வொன்று மாறும்போதும் சரக்கு வாங்கி அடுக்கியிருந்த கடைக்காரர்கள்தான் கையைப் பிசைந்தார்கள். மாட்டிக் கொடுக்கிறவனுக்குக் கூலி நிற்கவே இல்லை.

இப்போது இன்னும் மோசம். வாடிக்கையாளர் கடைக்குள் நின்றபடியே போனில் அமேசான் விலையைக் காட்டுகிறார். பாதிப் பேர் செட்டை அவர்களே வாங்கிக்கொண்டு வந்து, மாட்ட மட்டும் எவ்வளவு என்கிறார்கள். உன் தாளில் பயனியர், சோனி, ஜேபிஎல் என்று 12 லட்சத்துக்குச் சரக்கு எழுதியிருக்கிறாய். ஃபிட்டிங் கூலிக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரிதான் உன் கடை. வெளியில் வாங்கி வந்த செட்டுக்கு இன்ன கூலி, வாரன்டி வேலைக்கு மட்டும்தான், செட்டுக்கு இல்லை என்று பலகையில் எழுதி மாட்டு. கூச்சப்படாதே.

இன்னொன்றும் யோசி. புது வண்டியில் ஸ்க்ரீன் கம்பெனியிலிருந்தே வருகிறது. ஏசி பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதோடு சேர்ந்தே இருப்பதால் அதைக் கழற்றி வேறு வைக்க யாரும் துணிவதில்லை. விலை குறைந்த மாடல் எடுக்கிறவர்கள்தான் வெளியில் செட் போடுகிறார்கள். மற்றவர்களுக்கு வேண்டியது நல்ல ஸ்பீக்கர், சின்ன ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்), கதவுக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட். இதெல்லாம் நேரம் பிடிக்கிற கைவேலை. தகரக் கதவு அதிராமல் ஷீட் ஒட்டி, கம்பெனி வயரை வெட்டாமல் கப்ளர் என்கிற செருகி போட்டு இணைக்கிறவனைத்தான் தேடுவார்கள். வெட்டினால் ஷோரூமில் எலக்ட்ரிக்கல் வாரன்டிக்கு வம்பு வரும் என்பது இங்கே இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

உன் கணக்குக்கு வருகிறேன். வாடகை 35,000. பையன்கள் இரண்டு பேருக்கு 30,000. கரண்ட், டீ, போன், பார்சல் எல்லாம் 10,000. கடன் தவணை 20,000. மொத்தம் 95,000. மாதம் 26 நாள் கடை திறந்தால், நீ ஒரு ரூபாய் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நாளைக்கு 3,650 ரூபாய் வர வேண்டும். பெட்டியில் நூற்றுக்குப் பத்து நிற்கிறது என்று வை. தினமும் 36,500 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். ஆடியில் புது வண்டி எடுப்பது குறைவு. மார்கழியிலும் அப்படித்தான். அந்த இரண்டு மாதமும் வாடகைக்கு லீவு கிடையாது. பத்து மாத அட்வான்ஸ் மூன்றரை லட்சம் வேறு முடங்கும்.

அதற்குப் பதில் கடலூரிலேயே நம் திருப்பாதிரிப்புலியூர் பட்டறை ஷெட்டில் பாதியை எடுத்துக்கொள். ஒரு பையன், கரண்ட் எல்லாம் சேர்த்து 20,000. தினம் 770 ரூபாய் வந்தால் போட்டது வந்துவிடும். மேலே வருவதெல்லாம் உன் உழைப்பு. சரக்கை அடுக்காதே, சாம்பிளுக்கு நாலு வை. மீதியைக் கேட்டவுடன் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலிருந்து பஸ் பார்சலில் வரவழைக்கலாம். பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு வரவழை.

புதுச்சேரியில்தான் காசு புழங்குகிறது என்கிறாய். பிஒய் (PY) என்று புதுச்சேரி நம்பர் போட்ட பெரிய வண்டிகளைப் பார்த்து எண்ணிவிட்டாய் என்று நினைக்கிறேன். வரி குறைவு என்று வெளியூர்க்காரர்கள் அங்கே பதிவு செய்துகொண்டு போன கதை ஊரறிந்தது. அந்த வண்டிகள் சென்னையிலும் கேரளாவிலும் ஓடுகின்றன. சனி ஞாயிறு பீச்சுக்கு வருகிறவர்கள் ஸ்பீக்கர் மாற்ற நிற்க மாட்டார்கள்.

கடலூருக்கு வருகிற வண்டிகளைப் பார். நீ ஷார்ஜாவில் பழகியது நிசான் பேட்ரோல், லேண்ட் குரூஸர் மாதிரிப் பெரிய வண்டிகள். இங்கே ஸ்விஃப்ட், எர்டிகா, பொலிரோ. அதற்கு மேல், இந்த மாவட்டத்தில் பாட்டு இல்லாமல் ஓடாத வண்டி எது என்று நினைக்கிறாய்? கல்யாண வேன், மேல்மருவத்தூருக்கும் சபரிமலைக்கும் போகிற வேன். அதைவிட டிராக்டர்! நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டரை ரோட்டில் நின்று பார்த்திருக்கிறாயே, மட்கார்டு இரண்டிலும் ஸ்பீக்கர். தூசியிலும் அதிர்விலும் அந்தச் செட் ரொம்ப நாள் தாங்குவதில்லை. தாங்குகிற மாதிரி பெட்டி அடித்து, ரப்பர் வைத்து மாட்டிக் கொடுக்க ஆள் குறைவு. அறுவடை முடிந்து பணம் கைக்கு வரும்போது பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து உன்னைத் தேடி வருவார்கள். இதைச் சின்ன வேலை என்று எண்ணாதே.

லாரிக்காரர்களும் வருவார்கள். அங்கே நீ கார்தான் பார்த்தாய் என்பதால் எழுதுகிறேன். லாரி, பெரிய பஸ் 24 வோல்ட். 12 வோல்ட் செட்டை நேராகக் கொடுத்தால் புகைந்துவிடும். இரண்டு பாட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் இழுத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்த ஒரு பாட்டரி சீக்கிரம் படுத்துவிடும். 24ஐ 12ஆகக் குறைக்கிற கன்வர்ட்டர் போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்பதில் அப்பா ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

வயர் விஷயத்தில்தான் எனக்குப் பயம், தம்பி. 500 வாட் தொடர்ந்து கொடுக்கிற (ஆர்எம்எஸ்) ஆம்ப் என்றால் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்று அப்பா போட்டுக் காட்டினார். அதற்கு மெல்லிய வயரைப் போட்டு, ஃபியூஸ் இல்லாமல் சீட்டுக்கடியில் இழுத்துவிட்டால், எங்கேயாவது தகரத்தில் உரசித் தோல் கிழிந்த அன்றைக்கு வண்டி எரியும். உள்ளே ஒரு குடும்பம் இருக்கும். பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ், முழுச் செம்பு வயர். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் விலை குறைவு. அதே கனத்தில் அது தாங்கும் கரண்டும் குறைவு. வாடிக்கையாளர் ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொன்னால் உன் கூலியில் குறை. வயரில் குறைக்காதே. ஒத்துக்கொள்ளாதவரை அனுப்பிவிடு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

நம் ஊர் உப்புக்காற்றையும் மறந்துவிடாதே. எர்த் வயரை வண்டித் தகரத்தோடு சேர்க்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் பிடித்து, மேலே கிரீஸ் தடவாவிட்டால் சில மாதத்தில் துரு ஏறும். அப்புறம் எஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் கூய் என்று சத்தம் வருகிறது என்று வந்து நிற்பார்கள். வருகிறவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எர்த் பார்த்து இலவசமாகச் சுத்தம் செய்து கொடு. வேறு விளம்பரமே வேண்டாம்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30 தானே புயல் உனக்கு நினைவிருக்கும். 2015 வெள்ளமும் தெரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, அப்புறம் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கியபோது நீ இங்கே இல்லை. சீட்டுக்கடியில் ஆம்ப் வைத்த வண்டிகள் அந்த டிசம்பர் முழுக்க அப்பாவிடம் வந்தன. கடலூரில் ஆம்பை முடிந்தவரை உயரத்தில் மாட்டு. ஷெட் தரையையும் ஒன்றரை அடி உயர்த்தாமல் ஒரு பெட்டியும் உள்ளே வரக்கூடாது.

பணத்துக்கு நெல்லித்தோப்பு மனையை அடகு வைக்கலாம் என்று அப்பாவிடம் கேட்டாயாம். அதை மட்டும் தொடாதே. அது உன் தங்கைக்கும் சேர்த்து. முத்ரா கடனில் கிஷோர் வகை 5 லட்சம் வரை பிணை இல்லாமல் தருகிறார்கள்; ஷெட்டுக்கு அதுவே மிச்சம். பெரிதாக வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. நகரத்தில் பொதுப் பிரிவுக்கு நூற்றுக்கு 15 மானியம். ஆனால் அந்த மானியம் உடனே கைக்கு வராது, மூன்று வருஷம் வங்கியிலேயே டெபாசிட்டாக இருக்கும். ஏற்கெனவே நடக்கிற கடைக்கும் கிடையாது. எனவே அந்த வழி என்றால் திறப்பு விழாவுக்கு முன்னாலேயே விண்ணப்பம் போட வேண்டும். வரியையும் சொல்லிவிடுகிறேன். நீ பொருளும் விற்று வேலையும் செய்வதால் வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சரக்கு மட்டும் விற்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் என்று யாராவது சொன்னால் அது உனக்குப் பொருந்தாது.

கார் கண்ணாடிக்குக் கறுப்பு சன் ஃபிலிம் ஒட்டக் கேட்பார்கள். உச்ச நீதிமன்றம் 2012இல் தடுத்தது. நல்ல காசு வரும், ஆனாலும் வேண்டாம். இன்னொன்று, ஷெட்டைச் சுற்றி வீடுகள். டெஸ்ட் செய்கிற சத்தம் பகலில் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தை இருக்கிறது.

அப்பாவுக்காக வருகிறாயா என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. அவருக்குக் கண்ணில் புரை. சிவப்பு வயருக்கும் ஆரஞ்சுக்கும் தடுமாறுகிறார். தவளக்குப்பம் அரவிந்தில் காட்டினோம். சித்திரையில் ஆபரேஷன் செய்யலாம் என்றிருக்கிறோம். அதை நான் பார்த்துக்கொள்வேன், அதற்காக நீ வேலையை விட வேண்டாம். உனக்குக் கடை வேண்டும் என்பதற்காக வா. வந்தால் அவர் சந்தோஷப்படுவார் என்பதையும் நான் மறைக்கவில்லை.

ஷெட்டில் தெற்குப் பக்கம் கிடக்கிற பழைய ஆர்மேச்சர் குவியலைக் காலி செய்ய அப்பா ஒத்துக்கொண்டார். தரை உயர்த்தப் பங்குனியில் கொத்தனார் வருகிறார். கதவு நாலும் முழுசாகத் திறந்தபடி இரண்டு வண்டி நிற்க எத்தனை அடி அகலம் வேண்டும் என்று அளந்து அனுப்பு. ப்ளக் பாயின்ட் எங்கெங்கே என்பதையும் ஒரு தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பிவிடு. கொத்தனாருக்கு வேலை தொடங்கும் முன்னால் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா