சட்டம் வந்தால் யார் தலையில் விழும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றால் ரேஷனையும் அரசு வேலையையும் நிறுத்த வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் பென்னாகரம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். அதில் இன்றும் நம்பிக்கை உண்டு. கட்டாயச் சட்டத்தில்தான் இல்லை.

1996இல் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிடும் வரை எங்களுக்கு 'கேஸ்' கணக்கு உண்டு, அதாவது இத்தனை பேரைக் கருத்தடை ஆபரேஷனுக்குச் சேர்க்க வேண்டும் என்ற இலக்கு. கணக்கு முடிக்கும் மார்ச் நெருங்கினால் தூக்கம் போய்விடும். இரண்டும் பெண்ணாகப் பெற்ற மருமகளை ஆபரேஷனுக்கு அழைத்தால் மாமியார் வாசலிலேயே மறிப்பார்: "ஒரு ஆம்பளப் புள்ள பொறக்கட்டும் நர்சம்மா, அப்புறம் நானே கூட்டியாறேன்." இரண்டுக்கு மேல் போனால் ரேஷன் கிடையாது என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால், அந்த வீட்டில் இரண்டாவது பெண் பிறந்திருக்கவே மாட்டாள். அப்படியொரு சட்டம் இல்லாதபோதே, 2001 கணக்கெடுப்பில் நம் தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 900ஐக்கூடத் தொடவில்லை. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கே வந்தது சும்மாவா? சீனாவும் 2015 வரை ஒன்றே போதும் என்று அடம்பிடித்தது. இன்று மூன்று பெறலாம் என்கிறது, பெற ஆளில்லை. பெண் கிடைக்காத மாப்பிள்ளைகள்தான் அங்கே கோடிக்கணக்கில் மிச்சம்.

சின்ன அளவில் இந்த விதி நம்மிடமும் உண்டு. அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு இரண்டு குழந்தைக்குத்தான். அதில் மாட்டியவர் நம் மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்துகொண்டு, அதில் முதல் குழந்தைக்கு விடுப்புக் கேட்டார். முந்தைய திருமணத்தில் இரண்டு பிள்ளைகள் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவருக்கு நியாயம் கிடைத்தது. இத்தனைக்கும் அதே ஆண்டில்தான், மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதியும் குறைந்துவிடும் என்று அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் புதுமணத் தம்பதிகளைச் சீக்கிரம் பிள்ளை பெறச் சொன்னார்! பெறாதே என்பதும் பெறு என்பதும் மேடையில் சுலபம். சுமப்பவளைத்தான் யாரும் கேட்பதில்லை.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான். யாருடைய ரேஷனையும் நிறுத்தி இது வரவில்லை. பெண்கள் படித்தார்கள், பிறந்த பிள்ளைகள் பிழைத்தன.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் மிச்சமிருக்கும் வேலை குழந்தைத் திருமணம். கர்ப்பத்தைப் பதிவு செய்ய வரும் பெண்ணின் வயதை 'பத்தொன்பது' என்பார்கள். ஆதாரை வாங்கிப் பார்த்தால் பதினாறு இருக்கும். பத்தாம் வகுப்போடு நின்றவளாக இருப்பாள், மேல்நிலைப் பள்ளிக்கு பஸ் இல்லாத ஊராக இருக்கும். சட்டம் கேட்கும் வாசகர் முதலில் அஞ்செட்டி, பென்னாகரம் மலைக் கிராமங்களுக்கு காலையும் மாலையும் பஸ் கேட்டு எழுதட்டும். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

— ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்