மூன்று நாள் தாங்கும் என்ற பேட்டரியும், தகட்டில் இல்லாத 150 கிலோவும்

பெண்டில் ஹில், சிட்னி
5 மே 2025

பெறுநர்: விற்பனை மேலாளர்
பொருள்: கேரவனின் பேட்டரி, எடை குறித்த புகார்

ஐயா,

எனக்கு கேரவன் (காரில் கட்டி இழுத்துப்போகும் வீட்டு வண்டி) விற்ற உங்கள் கடைத் தம்பி தமிழில்தான் பேசினார். "அண்ணா, மூணு நாளைக்கு வெளிக் கரன்டே வேண்டாம். 360 கிலோ சாமான் ஏத்தலாம். கண்ண மூடிட்டுப் போங்க" என்றார். வாக்கு தமிழில் வந்ததால் புகாரையும் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதியும் இணைத்திருக்கிறேன்.

வாங்கும்போதே நாங்கள் நான்கு பேர் என்றும், அம்மா இரவில் சிபாப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் முகமூடி வழியே காற்று தள்ளும் கருவி) போட்டுத்தான் தூங்குவார் என்றும் சொல்லியிருந்தேன். என் கார் எவ்வளவு இழுக்கும் என்ற விவரத்தையும் அவர் எழுதிக்கொண்டார்.

ஈஸ்டருக்குக் கோசியஸ்கோ தேசியப் பூங்காவில், கரன்ட் இல்லாத ஒரு முகாமுக்குப் போனோம். முந்தின இரவு முழுக்க வீட்டில் சார்ஜ் போட்டுக் கிளம்பி, மதியம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் இரவு மூன்று மணிக்கு இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. திரையில் 11.7 வோல்ட், பேட்டரி கிட்டத்தட்டக் காலி. நான் எழுந்து பிரிட்ஜை அணைப்பதற்குள் இன்வெர்ட்டரே நின்றுவிட்டது. அம்மா முகமூடியைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். வெளியே புல்லெல்லாம் உறைபனி. கார் இன்ஜினை ஓடவிட்டு, அதிலிருந்து மெஷினுக்கு வயர் இழுத்தேன். எழுபத்தொரு வயசு அம்மா விடியும்வரை முன் சீட்டில் சாய்ந்து தூங்கினார்.

ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டேன். விற்பதற்கு முன் நீங்கள் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. கொடுத்தவை 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரி கொள்ளளவின் அளவு) ஏஜிஎம் பேட்டரி இரண்டு; ஏஜிஎம் என்பது ஈய-அமில வகை. ஏஜிஎம்மைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும், ஆக உபயோகத்துக்கு 100 ஏஎச்தான். எங்கள் ஒரு நாள் செலவோ பிரிட்ஜுக்கு 45, சிபாப்புக்கு 40, ஹீட்டர் ஃபேன், விளக்கு, தண்ணீர் பம்ப், போன் எல்லாம் சேர்த்து 25, மொத்தம் 110. கூரையில் இருக்கும் சோலார் பேனல் மரநிழலில் நாளுக்கு 20 ஏஎச்கூடத் தரவில்லை. அதை நம்பாமல் மூன்று நாள் ஓட்ட இதே பேட்டரியில் இன்னும் ஐந்து வேண்டும். ஒன்று 29 கிலோ என்றால் 145 கிலோ.

அதை எங்கே ஏற்றுவது? கேரவனை எடைமேடையில் நிறுத்தினேன். தண்ணீர்த் தொட்டி, அலமாரி, கேஸ் சிலிண்டர் எல்லாம் காலி. கேரவனில் பதித்திருக்கும் தகட்டில் வெறும் எடை 1,640 கிலோ, அதிகபட்சம் 2,000 என்று இருக்கிறது. மேடை காட்டியது 1,790. நீங்கள் மாட்டிய ஆனிங் (பக்கவாட்டில் விரிக்கும் நிழல்கூரை), சைக்கிள் ஸ்டாண்டு, 'இலவசமாக' என்று சொல்லித் தந்த இரண்டாவது பேட்டரி எல்லாம் தகட்டு எடையில் சேரவில்லை. மிச்சம் 210. இரண்டு தொட்டியும் நிரப்பினால் தண்ணீரே 160 கிலோ, கேஸ் 18. ஆக நான்கு பேருக்கான துணிமணி, அரிசி பருப்பு, நாற்காலி எல்லாவற்றுக்கும் 32 கிலோ! இதற்கு மேல் ஏற்றி, போலீஸ் நிறுத்தினால் அபராதம் கட்டப்போவது நான்தான்.

அது போதாதென்று, பேட்டரிகள் முன்பெட்டியில் இருப்பதால், கேரவனைக் காரோடு இணைக்கும் கொக்கியில் இறங்கும் எடை 218 கிலோ. என் காருக்கு 200தான் அனுமதி.

உங்கள் சர்வீஸ் பிரிவுக்குப் போன் செய்தால், "கட்டிலுக்கு அடியில் ஒரு லித்தியம் போட்டுக்கலாம் சார்" என்கிறார்கள். ஆள் படுக்கும் இடத்தோடு திறந்தபடி லித்தியம் பேட்டரி வைக்க ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 என்ற ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரவிதி இடம் கொடுக்காது. அடைத்த பெட்டியில் வைத்து, காற்றுப்போக்கை வெளியே விட வேண்டும். இதையும் நானா சொல்ல வேண்டும்?

நான் கேட்பது இதுதான். இரண்டு ஏஜிஎம்மையும் எடுத்துவிட்டு, விதிப்படியான பெட்டியில் 400 ஏஎச் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி உங்கள் செலவில் பொருத்துங்கள். எடை 50 கிலோவுக்குள் அடங்கும், இப்போதுள்ள 58ஐவிடக் குறைவு. அதற்கேற்ற சார்ஜரும், காரிலிருந்து ஏற்றுவதற்கான டிசி-டிசி சார்ஜரும் வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால், அதற்கான பாதுகாப்பையும் எழுத்தில் தாருங்கள். பிறகு கேரவனை எடை போட்டு, உண்மையான எடையும் கொக்கி எடையும் எழுதிய சீட்டு கொடுங்கள். அதிகபட்ச எடையை உயர்த்துவதாக இருந்தால் அச்சும் டயரும் தாங்கும் என்று தயாரிப்பாளரே சான்று தரட்டும். தகட்டை மட்டும் மாற்றி ஒட்டுவதை ஏற்க மாட்டேன்.

இவை முடியாதென்றால் கேரவனை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். சொன்ன உபயோகத்துக்கு ஏற்ற பொருளாக இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம். 14 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் புகார் கொடுப்பேன்.

எடைமேடை ரசீது, பேட்டரித் திரையின் படம், விலைப்பட்டியல் நகல் இணைத்துள்ளேன். கேரவன் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)