78 ரூபாய் பாக்கி

சித்தப்பா,

நேற்றோடு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் என் பயிற்சி முடிந்தது. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள், கேக் வெட்டினார்கள், எல்லோரும் கைகுலுக்கினார்கள். அல்சூர் நிலையத்தில் மெட்ரோவை விட்டு இறங்கியவள் வீட்டுக்கு வராமல் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டேன். தாமதத்துக்கு நான் சொன்ன காரணத்தை நீங்கள் நம்பவில்லை என்று தெரியும்.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். நீங்கள் "சாப்பிட்டாயா" என்பீர்கள், நான் தலையாட்டுவேன், பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் இங்கே இணையத்தில் எழுதுகிறேன். திரையில் வருவதை நீங்கள் படிப்பதில்லை. பாபுவை அச்செடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். சித்தி படிப்பார், பஜார் தெருவில் பாதிப் பேர் படிப்பார்கள், அலுவலகத்திலும் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். சில இடங்களில் நான் சொல்லை விழுங்கினால் அதற்காகத்தான்.

பிரஸ் கிளப் விஷயம்தான்.

எங்கள் வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றின் கட்டுமான இடத்தில் சுற்றுச்சுவர் விழுந்து இரண்டு தொழிலாளிகளுக்கு அடிபட்டிருந்தது. எந்த நிறுவனம் என்று எழுத மாட்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கப்பன் பூங்காவுக்குள் இருக்கும் பிரஸ் கிளப்பில் பதினொன்றரைக்குச் செய்தியாளர் சந்திப்பு. நிருபர்களுக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கைக் கட்டை நான் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். போன் செய்த அரை மணி நேரத்தில் உங்கள் டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. விடியற்காலையில் பேப்பர் போடும் லைனுக்குப் போட்ட அதே சட்டை, முழங்கை வரை அச்சு மை, தோளில் பேப்பர் பை. பைக்குள் 40 ஃபைல்கள். ஒவ்வொன்றிலும் கன்னடப் பிரதி ஒன்று, ஆங்கிலப் பிரதி ஒன்று, இணைப்பிதழ் செருகுவதுபோல விளிம்பு பிசகாமல் செருகியிருந்தீர்கள். அதை நான் கேட்கவே இல்லை.

"யார் இவர்?" என்றார் மேலாளர்.

"எங்கள் பேப்பர்காரர்" என்றேன்.

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்தச் சட்டையைப் பார்த்தேன், மேலாளரின் முகத்தைப் பார்த்தேன், பிறகுதான் சொன்னேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. அவரைப் பார்த்துக் கன்னடத்தில், "ஆமாம் மேடம். நாளைக்கு உங்கள் செய்தி வருமே, எந்தெந்தப் பேப்பர் வேண்டும்?" என்று கேட்டீர்கள். ஆறு பேப்பர், இரண்டிரண்டு என்றார். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டீர்கள். பிறகு மரங்களுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டே போனீர்கள். ஏன் கிளப்பாமல் தள்ளினீர்கள் என்பதை இன்னமும் யோசிக்கிறேன்.

மன்னித்துவிடுங்கள். ஆனால் நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? நீங்கள் பேப்பர்காரர். எங்களுடையவர். 'எங்கள்' என்ற சொல்லை விடாமல்தானே சொன்னேன்?

மக்கள் தொடர்புத் தொழிலில் பொய் சொல்லக் கூடாது, அதுதான் முதல் பாடம். சேர்ந்த வாரத்தில் ஐவி லீ என்பவரைப் பற்றிச் சொன்னார்கள். 1906 அக்டோபரில் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் பாலத்திலிருந்து ரயில் தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். விபத்தை மூடி மறைப்பதே ரயில் கம்பெனிகளின் வழக்கமாக இருந்த காலம். லீ கம்பெனியின் சார்பில் விவரத்தை எழுதிப் பத்திரிகைகளுக்குத் தானே கொடுத்தார். நிருபர்களை ரயில் விழுந்த இடத்துக்கே அழைத்துப்போக ஏற்பாடும் செய்தார். பிரஸ் ரிலீஸ் பிறந்தது அங்கேதான் என்பார்கள். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. அதே சரக்கு என் கைக்கு வந்ததும் நான் என்ன செய்தேன்? 'விபத்து' என்பதை அடித்துவிட்டுச் 'சம்பவம்' என்று போட்டேன். 'இருவருக்கும் உரிய சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது' என்று எழுதினேன். அளிப்பது யார் என்று வாக்கியத்தில் இல்லை. அரசு மருத்துவமனை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மறுநாள் ஒரு பேப்பரில் அந்த வாக்கியம் அப்படியே வந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். இத்தனை பத்தி சென்டிமீட்டர், அதை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கினால் இத்தனை ஆயிரம் என்று வாடிக்கையாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கணக்கு எங்கள் வேலையின் மதிப்பாகாது என்று 2010-லேயே பார்சிலோனாவில் கூடித் துறைக்காரர்களே அறிவித்துவிட்டார்கள். வாடிக்கையாளர் கேட்டால் என்ன செய்வது? வழுக்கையில் முடி வளர்க்கும் நோட்டீஸை நாமும் நம்பியா பேப்பருக்குள் செருகினோம்?

அளக்கும்போது மேலாளர் ஆச்சரியப்பட்டார். பேப்பரை மேசையில் விரிக்காமல் நின்றபடியே நாலாக மடித்துப் பக்கம் தேட எங்கே கற்றாய் என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

நடைபாதையில், தெருவிளக்கு வெளிச்சத்தில், உங்கள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கற்றது. 2009 ஆகஸ்ட் 10 ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரில் பதினெட்டு வருடம் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலையை ஏரிப் பக்கம் திறந்துவைத்த மறுநாள். தமிழ்ப் பேப்பர் வந்த வேகத்தில் தீர்ந்தது. ஆட்கள் கேட்டு நின்றபோதும் ஒரு பிரதியை உட்காரும் கோணிக்கு அடியில் தள்ளி வைத்திருந்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் "இது உனக்கு" என்றீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது எனக்கு. அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தப் பேப்பரை எடுத்தால் அந்த வீட்டுக்காரரும் கூடவே வருகிறார். வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். எனக்குப் பதினொரு வயது, அட்வான்ஸ் பணம் வைத்த பை என் கையில். "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். "ஒரே பையன்தான் சார்" என்றீர்கள்.

அதுவும் பொய்யில்லை. ஆள் கூடினால் வாடகை கூடும், தண்ணீருக்குத் தகராறு வரும், எல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அதுவரை நீங்கள் அப்படிப் பிடித்ததில்லை. விளக்கம் சொல்லியிருக்கலாம், சித்தப்பா. ஒரு வரி போதும். பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிறது.

இதற்கு மேல் இங்கே வேண்டாம். அந்த வீட்டில் எனக்கு எந்தக் குறையும் வைக்கப்படவில்லை. படித்துப் பார்த்தால் இதுவே அறிக்கைபோல இருக்கிறது. யார் வைக்கவில்லை என்று இல்லை. சித்திதான். எனக்குத் தோசை போட்டுவிட்டுத்தான் பாபுவுக்குப் போட்டார்.

பழி தீர்த்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். நானே சில இரவுகளில் அப்படி நினைத்திருக்கிறேன்.

வேலை கொடுத்திருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை சேர்கிறேன். தெருவில் எல்லோரிடமும் 'பத்திரிகையில் வேலை' என்று நீங்கள் சொல்லி வைத்திருப்பதைத் திருத்திவிடுங்கள். இது பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கிற இடம். மூன்று பையன்கள் ஓடிய லைனில் இன்று ஒருவன் போதும் என்றாகிவிட்டது, இந்தச் சம்பளத்தை வேண்டாமென்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. இது காரணமா சாக்கா என்று எனக்கே பிடிபடவில்லை. வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

பிரஸ் கிளப்புக்கு மறுநாள் காலையில் வரவேற்பறை மேசையில் 12 பேப்பர் இருந்தது. மேலே உங்கள் பில் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். கம்பெனி பெயர், தேதி, 78 ரூபாய். வவுச்சர் எழுதிக் கணக்குப் பிரிவில் பணத்தை வாங்கியவள் நான்தான். உறையில் போட்டு வைத்திருக்கிறேன், நான்கு மாதமாகிறது. கொடுத்தால் எண்ணி வாங்கிக்கொண்டு ரசீது கிழித்துத் தருவீர்களோ என்று பயம்.

நாளை ஞாயிற்றுக்கிழமை, இணைப்பு அதிகம் இருக்கும். நாலரைக்கு என்னையும் எழுப்புங்கள். உறையைக் கொண்டுவருவேனா, தெரியவில்லை.