பேத்தியின் தலையணை

சாட்ஸ்வர்த், டர்பன்
மே மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள கமலாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பேத்தியின் மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகின்றன என்று மருத்துவர் சொன்னதையும், காலையில் எழும்போது தோளும் இடுப்பும் வலிக்கிறதென்று அவள் கண் கலங்குவதையும், கடையில் ஒரு தலையணைக்கு 1,800 ராண்ட் கேட்டதையும் எழுதியிருந்தாய். அந்தத் தலையணையை இப்போதைக்கு வாங்காதே. காரணத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன். இந்த விஷயத்தில் பணத்தையும் தூக்கத்தையும் தொலைத்துவிட்டுக் கற்றவள் நான்.

பள்ளியில் கட்டைவிரலை வளைத்து முன்கையோடு ஒட்டவைத்து உங்களுக்கெல்லாம் நான் வித்தை காட்டியது உனக்கு நினைவிருக்கும். நடன வகுப்பில் அதற்காகப் பாராட்டும் வாங்கினேன். அது ஒரு மருத்துவச் சோதனையின் பகுதி என்பது எனக்கு 57ஆம் வயதில்தான் தெரிந்தது. இரு சுண்டுவிரல்கள், இரு கட்டைவிரல்கள், இரு முழங்கைகள், இரு முழங்கால்கள், பிறகு முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தல் என்று, அளவு மீறி வளையும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக மொத்தம் 9 புள்ளிகள்; அந்த வயதிலும் எனக்கு 5 கிடைத்தது. சோதனைக்குப் பெயர் தந்த பீட்டர் பைட்டன் நம் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் மரபியல் பேராசிரியராக இருந்தவர். அவரும் உடன் பணியாற்றிய இருவரும் இந்நாட்டு ட்ஸ்வானா இனக் கிராம மக்களின் மூட்டுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்த ஆண்டு 1973. நான் வகுப்பில் வித்தை காட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டு! உன் பேத்திக்கு 9இல் 7 என்பதற்காகப் பயந்துவிடாதே. அந்த எண் எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்லாது. நன்றாக வளைந்தும் வாழ்நாள் முழுவதும் வலியே அறியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இரவில் ஏன் வலி கூடுகிறது என்பதை என் பிசியோ விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்கள் மற்றவர்களுக்கு விறைப்பாக இருக்கின்றன. நமக்கோ பழைய கொடிக்கயிறு போலத் தொய்ந்திருக்கின்றன. பகலில் அந்தக் குறையைத் தசைகள் ஈடுகட்டுகின்றன. தூங்கியவுடன் தசைகளும் பிடியை விட்டுவிடுவதால், கையும் காலும் தம் எடை இழுத்த பக்கம் சரிந்து, மூட்டின் கடைசி எல்லையில் மணிக்கணக்காகத் தொங்கிக் கிடக்கின்றன. வேறொருவர் அந்த இழுப்பை உணர்ந்து புரண்டு படுத்துவிடுவார்; நம்மைப் போன்ற பலருக்கு மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வே சற்று மங்கல் என்பதால் விடிந்த பிறகுதான் கணக்குத் தெரிகிறது. ஆகவே தசைகள் விட்ட பிடியை விடியும்வரை எது ஏற்றுக்கொள்கிறதோ அதுவே நமக்குத் தலையணை; கடையில் கையால் அமுக்கிப் பார்த்தால் அது தெரியாது.

முதலில் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவள் தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து மெல்லப் போய்ப் பார். எந்த உறுப்புக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறது, எது தொங்குகிறது, எது முறுக்கிக் கிடக்கிறது என்று கவனி. என்னை அப்படிப் பார்த்தவள் என் மகள். "அம்மா, உங்கள் கை முதுகுக்குப் பின்னால் போய் யாருடைய கையோ போலக் கிடந்தது" என்றாள். பிறகு வீட்டிலுள்ள துவாலைகளையும் பழைய பருத்திச் சேலைகளையும் சுருட்டி அந்த வெற்றிடங்களை நிரப்பிப் பார். கரும்புத் தோட்டத்தில் நம் பாட்டிமார் தலைச்சுமைக்குச் சும்மாடு கட்டியதைப் போலத்தான்: சுமைக்கும் தலைக்கும் நடுவே எவ்வளவு துணி வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது.

அவள் ஒருக்களித்துப் படுப்பவள் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் தலைக்கு வைப்பது, தோளின் ஓரத்துக்கும் காதுக்கும் இடையிலுள்ள தூரத்தை நிரப்பும் உயரம் இருக்க வேண்டும். மெத்தையில் தோள் எவ்வளவு அமிழ்கிறதோ அதைக் கழித்துக்கொள். பின்னால் நின்று பார்க்கும்போது கழுத்தும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் தெரிந்தால் சரி. தோள் தலையணைமேல் ஏறக் கூடாது. மேல்காலுக்கு வைக்கும் தலையணை முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நீள வேண்டும். முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் கீழே சரிந்து காலை முறுக்கிவிடும் என்பதை நான் ஒரு மாதம் தவறாகச் செய்து அறிந்துகொண்டேன். மேல்கை மார்பின் குறுக்கே விழாமல் அணைத்துக்கொள்ள ஒன்று வேண்டும். அடித்தோள்மேல் முழு எடையும் விழாமல், முதுகுக்குப் பின்னால் ஒன்றை வைத்துச் சற்றே பின்சாய்ந்து படுக்கச் சொல். இடை ஒடுங்கிய பெண் என்பதால் இடைக்கும் மெத்தைக்கும் நடுவே மெல்லிய துவாலைச் சுருள் ஒன்றும் தேவைப்படலாம்.

மல்லாந்து படுத்தால் தலைக்கு மெல்லியது போதும். முழங்கால் பின்னோக்கி வளையாதபடி அடியில் சிறு சுருள் வை. குப்புறப் படுப்பதை மட்டும் மெதுவாக மறக்கச் செய். கழுத்து இரவெல்லாம் ஒரு பக்கம் திருகிக் கிடக்கும்.

பொருளைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் வீடுகளில் இருந்த இலவம்பஞ்சுத் தலையணை நல்லதுதான், ஆனால் சில மாதங்களில் கட்டிப்பட்டு அமுங்கிவிடும். இறகுத் தலையணை முதலில் சுகமாக இருந்து நடு இரவில் சப்பையாகிவிடுகிறது. கடைக்காரர் புகழ்ந்த மெமரி ஃபோம், 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கப்பட்ட பொருள். சூடுபட்டால் இளகும், குளிரில் இறுகும். உங்கள் மாரிட்ஸ்பர்க்கில் உறைபனி விழும் ஜூலை இரவில் அது முதலில் பலகை போல இருக்கும், எங்கள் டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் அது அடுப்புக்கல். லேடெக்ஸ் என்ற ரப்பர் நுரை அப்படி மாறுவதில்லை. என்னைக் கேட்டால், உறையைத் திறந்து உள்ளிருப்பதைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற தலையணையே மேல். எத்தனை பரிசோதனைக்கும் அது ஈடுகொடுக்கும்.

என் பெரிய பிழை, உடலை முழுக்கச் சுற்றி வளைக்கும் அந்த நீண்ட தலையணை. மெடிக்கல் எய்ட் காப்பீடு பணம் தராது என்று தெரிந்தும் கைக்காசு போட்டு வாங்கினேன். வியர்த்துக் கொட்டியது, ஒவ்வொரு முறை புரளும்போதும் அந்தப் பாரத்தைத் தூக்கி மறுபக்கம் போட வேண்டியிருந்ததில் மணிக்கட்டு பிசகிவிட்டது. தோளைக் காக்க வாங்கியது மணிக்கட்டைக் கெடுத்தது என்று என் கணவர் இன்றும் சிரிக்கிறார். சிறியதாக மூன்று நான்கு வைத்துக்கொண்டால், புரளும்போது காலாலேயே தள்ளிவிடலாம். கனத்த போர்வையைக் கால்மாட்டில் மெத்தைக்கடியில் செருகிவிடாதே. அது பாதங்களை இரவெல்லாம் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, ஒரு வாரம் பார்த்து, காலையில் எங்கே வலிக்கிறது என்று அவளையே ஒரு நோட்டில் எழுதச் சொல். கழுத்துப் பட்டை, மணிக்கட்டுக் கட்டு போன்றவற்றைப் பிசியோவைக் கேட்காமல் இரவில் போட வேண்டாம். விரல்கள் மரத்துப்போவது நீடித்தாலோ, கையிலோ காலிலோ பலம் குறைந்தாலோ, கழுத்தை அசைக்கும்போது மின்சாரம் பாய்வது போலிருந்தாலோ தலையணையை நோண்டிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போ.

பள்ளி விடுமுறை விட்டதும் அவளை இங்கே அழைத்து வா. அவள் வழக்கமாகப் படுக்கும் தலையணையையும் கொண்டுவரட்டும். உயரம் எவ்வளவு என்று முடிவானதும், டவுனில் ஸ்பாஞ்சு வாங்கி அவள் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். உறைக்கான பருத்தித் துணியைக் கிரே ஸ்ட்ரீட்டில் பார்த்துக்கொள்வோம். என் தையல் இயந்திரம் இன்னும் ஓடுகிறது. ஜிப் வைத்துத் தைக்க மட்டும் என் விரல்கள் ஒத்துழைப்பதில்லை. அதை நீதான் தைக்க வேண்டும்.

உன்,
சரோஜா