தியான வகுப்பு நடத்துவோருக்கு: பின்னல் ஊசியையும் உள்ளே விடுங்கள்

தியானம் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்கள் கூடத்துக்குள் வரும்போது செருப்பையும் செல்பேசியையும் வெளியே வைக்கச் சொல்கிறீர்கள். சரிதான். அந்த வரிசையில் பின்னல் ஊசியையும் நூல் உருண்டையையும் சேர்த்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கண்ணை மூடி அசையாமல் உட்கார முடியாத சிலருக்குக் கை வேலை செய்தால்தான் மனம் அடங்குகிறது. அவர்களுக்கும் உங்கள் கூடத்தில் ஓர் ஓரம் வேண்டும்.

அண்ணன் போன பிறகு என் அண்ணியை ஒரு தியான வகுப்பில் சேர்த்தோம். கண்ணை மூடினால் அந்த ஆஸ்பத்திரி அறைதான் வருகிறது என்றார். மூச்சைக் கவனிக்கச் சொன்னால் மூச்சே முட்டுகிறது என்றார். பழகினால் சரியாகிவிடும் என்று அங்கே சொன்னார்கள். சரியாகவில்லை, போவதையே நிறுத்திவிட்டார். ஆனால் பேரனுக்கு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தால் அவர் தோள் தளர்வதையும் முகம் தெளிவதையும் வீட்டில் எல்லோரும் பார்த்தோம்.

இதை அவருடைய பலவீனம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாரெட் லிண்டாலும் வில்லபி பிரிட்டனும் மற்றும் சிலரும் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெடுநாள் தியானம் செய்தவர்களும் கற்றுக்கொடுப்பவர்களுமே அதில் பயம், பதற்றம், பழைய துயரங்கள் மேலெழும்புவது பற்றியெல்லாம் பேசியிருக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் பாதியில் நின்றுபோனவர்கள் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் ஏன் நின்றார்கள் என்று கேட்டிருப்பீர்கள்?

பின்னலில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஊசியில் இருக்கும் நூல் வளையத்தைக் கண்ணி என்போம். ஊசியைக் கண்ணிக்குள் விட வேண்டும், நூலைச் சுற்ற வேண்டும், அந்தச் சுற்றை வெளியே இழுக்க வேண்டும், பழைய கண்ணியைக் கழற்ற வேண்டும். எல்லாக் கண்ணியையும் 'நிட்' என்ற அடிப்படைக் கண்ணியாகவே போட்டுப் போனால் இந்த நான்கு அசைவுதான் திரும்பத் திரும்ப வரும். கொஞ்ச நேரத்தில் மூச்சும் தானாக அதோடு சேர்ந்துகொள்ளும். கண் திறந்தே இருக்கும், பார்வை மடியில் இருக்கும். இருட்டுக்குள் போகப் பயப்படுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்களுக்கே புரியும்.

இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. மூச்சைக் கவனிக்கும்போது மனம் ஓடிப்போனால் அதற்கு அடையாளமே இருக்காது. பின்னலில் இருக்கும். கோபமான நினைப்பு வந்தால் கை இறுகும். அந்த வரிசையின் கண்ணிகளும் இறுகி, திரும்பி வரும்போது ஊசி உள்ளே நுழைய மறுக்கும். நினைப்பு எங்கோ போய்விட்டால் ஒரு கண்ணி நழுவி, கீழே வரிசை வரிசையாக ஏணிபோல இறங்கிக்கொண்டே போகும். அதை முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால் மேலே ஏற்றிவிடலாம். முடியாவிட்டால் பிரித்துவிட்டு அதே நூலில் மறுபடி தொடங்கலாம். பொறுமையாகப் பிரிக்கத் தெரிந்தவரிடம் பற்று விடுவதைப் பற்றி நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

வேலை வேறு, தியானம் வேறு என்பீர்கள். ஆனால் நடை தியானத்தை நீங்களே சொல்லித்தருகிறீர்கள், ஜெபமாலை உருட்டுவதை ஏற்கிறீர்கள். ஜென் மடங்களில் தோட்ட வேலையும் துப்புரவும் பயிற்சியின் ஒரு பகுதி. அவ்வளவு தூரம் போவானேன், நம் அறுபத்து மூவரில் நேச நாயனார் நெசவாளர். மனம் சிவன் அடியில், வாய் ஐந்தெழுத்தில், கை அடியாருக்கான துணி நெய்வதில் என்றுதான் அவர் வரலாறு சொல்கிறது. தறியை விட்டு எழுந்து வா, அப்புறம் பக்தி செய்யலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஆய்வும் கொஞ்சம் இருக்கிறது. பிரிட்டனில் ஜில் ரைலியும் பெட்சன் கார்க்கிலும் மற்றவர்களும் 3,500க்கும் மேற்பட்ட பின்னல்காரர்களிடம் இணையவழியில் கேட்டு 2013இல் வெளியிட்ட கட்டுரையில், அடிக்கடி பின்னுகிறவர்களே அதிக அமைதியை உணர்வதாகச் சொல்லியிருந்தார்கள். பதில் சொன்னவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்கள். அதனால் இதை நோய்க்கு மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஓரம் ஒதுக்குவதற்கு இந்த அளவு ஆதாரம் போதும்.

எல்லாப் பின்னலும் தியானம் ஆகிவிடாது. சீரியல் பார்த்துக்கொண்டு பின்னுவது பொழுதுபோக்கு, பூ வேலைப்பாட்டுக்கு வரைபடத்தைப் பார்த்துப் பின்னுவது கணக்கு. கூடத்துக்குள் வருகிறவர்களுக்கு ஒரே நிற நூலும் வெறும் வரிசைகளும் போதும். மூங்கில் ஊசியாக இருக்கட்டும். உலோக ஊசி கிளிக் கிளிக் என்று பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யும். நம் ஊர் வெயிலில் கம்பளி கையில் ஒட்டும், பருத்தி நூல் நல்லது. மணிக்கட்டு வலித்தால் கீழே வைத்துவிட வேண்டும். தயவுசெய்து "யாருக்கு ஸ்வெட்டர்? எப்போ முடியும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். முடிக்க வேண்டும் என்ற அவசரம் வந்ததும் மனம் மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.

புதிதாகப் பின்னல் கற்கும் முதல் சில நாட்கள் எரிச்சல்தான் வரும், அமைதி வராது. அதனால் ஏற்கெனவே பின்னத் தெரிந்தவர்களை அடுத்த வகுப்பிலேயே, கடைசி வரிசையில், ஒரு அமர்வுக்கு மட்டும் பின்ன விட்டுப் பாருங்கள். தெரியாதவர்களுக்கு வகுப்புக்கு வெளியே நான் சொல்லித்தருகிறேன். ஊசியும் நூலும் நானே கொண்டுவருகிறேன், காசு எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
பின்னல் பழகிய ஒரு வாசகி