ஆடிப்பட்டத்துக்கு உழுத காட்டில் இறங்கினோம்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

போன மாதம் உங்கள் காட்டில் வந்து இறங்கிய குட்டி விமானத்தில் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டப் பழகிக்கொண்டிருந்த மாணவி எழுதுகிறேன். விசாரணை இன்னும் முடியவில்லை. அதனால் ஊர்ப் பெயர், ஆட்கள் பெயர் எதையும் போடவில்லை. யாருக்கு எந்த நன்றி என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் என் கேப்டனுக்கு. நாங்கள் போனது செஸ்னா 152, இரண்டே பேர் உட்காரும் விமானம். தரையிலிருந்து சுமார் 2,500 அடி உயரத்தில் எஞ்சின் உதற ஆரம்பித்தது. எஞ்சினுக்கு வேகம் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளியும் சுற்று ஏறவில்லை. அடியோடு நின்றிருந்தால்கூடத் தேவலை. அரைகுறையாக ஓடும் எஞ்சின்தான் ஆசை காட்டும், எப்படியாவது ஓடுதளத்துக்குப் போய்விடலாம் என்று. கேப்டன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வேகத்தை 60 நாட் அளவில் (மணிக்குச் சுமார் 110 கி.மீ.) பிடித்துக்கொண்டு, எரிபொருள் வால்வு, எரிபொருள்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர், கார்புரேட்டரில் படியும் பனியை உருக்கும் கார்புரேட்டர் ஹீட், தீப்பொறி தரும் மேக்னெட்டோ என்று வரிசையாகப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை. "சரிம்மா, காட்டுலயே இறக்கிடலாம்" என்றார், ஏதோ பஸ்ஸை ஓரங்கட்டுகிற மாதிரி.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் எங்கள் 'மேடே' (ஆபத்து) அழைப்புக்குக் கேட்டது எங்கே, எத்தனை பேர் என்பது மட்டும்தான். அப்புறம் எங்களைத் தொந்தரவு செய்யாமல் 108-க்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிட்டார். அவருக்கும், வந்து சேர்ந்தவர்களுக்கும் நன்றி.

பக்கத்திலேயே தார் ரோடு இருக்கிறதே, 2025 நவம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பயிற்சி விமானம் ரோட்டில்தானே இறங்கியது என்று பலர் கேட்டீர்கள். உங்கள் ரோட்டோரம் முழுக்க மின்கம்பங்கள். குறுக்கே கம்பி போகிறதா என்பது மேலிருந்து பார்த்தால் கடைசிவரை தெரியாது. டூவீலர்கள் வேறு. ஒருபக்கம் ஆளுயரக் குச்சிக்கிழங்கு, மறுபக்கம் தென்னந்தோப்பு, நடுவில் கடலை போட உழுதிருந்த காடு. உழவுசால் மேற்கே ஓடியது, ஆடிக்காற்றும் மேற்கிலிருந்துதான். காற்றுக்கு எதிராக, சாலோடு சாலாக இறங்க முடிந்தது. அந்த எதிர்க்காற்று இல்லையென்றால் இன்னும் வேகமாகத் தரையைத் தொட்டிருப்போம். ஆகவே ஆடிக்கும் ஒரு நன்றி. முன்சக்கரம் மண்ணில் புதைந்து மடங்கியது, ப்ரொப்பெல்லர் வளைந்தது. எனக்கு நெற்றியில் ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

ஓடிவந்தவர்களில் முதல் ஆள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா. இறக்கையிலிருந்து எரிபொருள் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர் பீடியை எடுக்க, "பெட்ரோல் நாத்தம் மூக்கைத் துளைக்குது, உனக்குப் பீடி கேக்குதா?" என்று ஆயா போட்ட சத்தத்தில் கூட்டமே பத்தடி பின்வாங்கியது. அப்புறம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நல்ல பக்கமாக மடித்து என் நெற்றியில் அழுத்தினார். ஆயா, எங்கள் பயிற்சியில் சொல்லித்தரும் தீப்பாதுகாப்பை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

டிராக்டரோடு வந்த அண்ணன் விமானத்தை இழுத்துவிடத் தயாராக நின்றார். விசாரணைக்காரர்கள் பார்க்கும்வரை அசைக்கக்கூடாது என்றதும், வண்டித்தடத்தின் குறுக்கே டிராக்டரை நிறுத்தி வேடிக்கை பார்க்க வந்த கார்களை மறித்துவிட்டார். பையன்கள் செல்ஃபி எடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கயிறு கட்டி, போலீஸ்காரரோடு ராத்திரி முழுக்கக் காவல் இருந்ததும் அவர்கள்தான்.

காட்டுக்காரர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. மழை பெய்து ஈரம் இருந்தது, விதைக்கடலை உரித்துத் தயாராக இருந்தது. விமானத்தை எடுக்கும்வரை விதைக்க முடியாமல் ஈரம் காய்ந்துவிட்டது. "அடுத்த மழை வராமலா போயிடும்" என்று சொல்லி, கேப்டன் நீட்டிய பணத்தையும் வாங்கவில்லை. எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து இழப்பீடு வரும், ஐயா. அது தர்மம் இல்லை, உங்களுக்குச் சேரவேண்டியது. தயவுசெய்து மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மழைக்கு விமானத்தின் மேல் யாரோ போட்ட நீலத் தார்ப்பாய், லாரியில் ஏற்றும்போது கூடவே வந்துவிட்டது. ஒரு மூலையில் பச்சைச் சணலால் தைத்திருக்கிறது. வரும் ஞாயிறு நானும் அப்பாவும் எடுத்துக்கொண்டு வருகிறோம். யாருடையது என்று டீக்கடையில் சொல்லி வையுங்கள்.