ஒரு பை காய்ந்த சேறும் அதைக் கொண்டுவந்தவர்களும்

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். நான்கு வருடம் இழுத்த வேலை. ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நன்னீர் உயிரி, இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம், கோபிபாட் கூட்டத்தில் டயாப்டோமிட் குடும்பத்தைச் சேர்ந்தது, இனி அதற்கென்று ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். விவரிப்போடு சேர்ந்து முறையாக வெளியாவதற்கு முன்னால் பெயர் மட்டும் தனியாக உலவினால், விலங்குப் பெயரிடல் விதிப்படி அது செல்லாத வெறும் பெயர், பின்னால் வருகிறவர்களுக்கு வீண் குழப்பம். இன்னும் சில வாரம்தான்.

சிற்றினத்தின் பெயருக்குப் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரும் வருடமும் வரும், மரபு அப்படி. மற்றவர்களுக்குக் கட்டுரையின் கடைசியில் நான்கு வரி. நான்கு வரியில் அடங்குகிற கடன் இல்லை இது, அதனால்தான் இந்த மடல்.

முதலில், குட்டையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு. முதல் முறை வந்தபோது நாங்கள் பிடித்த அத்தனையையும் ஃபார்மலினில் போட்டுவிட்டோம். கால்களைப் பிரித்துப் பார்க்க ஃபார்மலின் நல்லதுதான், ஆனால் டிஎன்ஏ சிதைந்துவிடும். இரண்டு வருடம் கழித்து டிஎன்ஏ இல்லாமல் நகர முடியாது என்ற நிலை வந்தபோது குட்டை வற்றிப்போயிருந்தது. தயங்கித் தயங்கித்தான் போன் செய்தோம். "தண்ணி இல்லீங்க, சேறு காஞ்சு கெடக்கு, அது ஆகுமா?" என்று நீங்கள் கேட்டீர்களே, அந்த ஒரு கேள்விதான் இந்த வேலையைக் காப்பாற்றியது.

ஆகும் அண்ணே, நன்றாகவே ஆகும். தண்ணீர் வற்றப்போகிறது என்றால் இந்த உயிரிகள் தடித்த ஓட்டோடு உறங்கும் முட்டைகளை இட்டுவிட்டுச் சாகும், முட்டை சேற்றில் காத்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜார்ஜ் ஒசியன் சார்ஸ் என்ற நார்வே விலங்கியலாளர், தூர தேசங்களிலிருந்து கப்பலில் வந்த உலர்ந்த சேற்றில் தண்ணீர் ஊற்றி உயிரிகளைப் பொரிக்கவைத்து விவரித்திருக்கிறார். ஏரி அடிமண்ணில் 300 வருடத்துக்கும் மேலாகக் கிடந்த டயாப்டோமிட் முட்டைகள்கூடப் பொரிந்திருக்கின்றன. நீங்கள் குட்டையின் ஆழமான இடமாகப் பார்த்து மேல்பொருக்கை மட்டும் சுரண்டி, உள்ளே பென்சிலால் தேதி எழுதிய சீட்டு ஒன்றைப் போட்டு அனுப்பினீர்கள். பேனா மை கரைந்துவிடும், பென்சில் கரையாது என்று முதல் முறை வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னது. நீங்கள் அதை ஞாபகம் வைத்திருந்தீர்கள்.

அப்புறம், அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்ட மாணவிக்கு. தண்ணீர் ஊற்றிய நான்காம் நாள் காலை, குடுவையின் ஓரத்தில் தூசு மாதிரி ஏதோ துள்ளுகிறது என்று நீ ஓடிவந்து சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. ஆனால் குஞ்சை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாப்ளியஸ் என்னும் இளம்பருவம் ஆறு நிலை, அதற்குப் பிறகு கோபிபோடிட் ஐந்து நிலை, அதையும் தாண்டிக் கடைசியாகத் தோல் உரித்தால்தான் முதிர்ந்த ஆணின் கால் முழு வடிவத்துக்கு வரும். லீவு நாளிலும் வந்து பாசி ஊட்டி, தண்ணீர் மாற்றி, பொறுமையாக வளர்த்தாய். முதல் ஆண் தலைகாட்டியது 23ஆம் நாள். அதையும் அடுத்து வந்தவற்றையும், இந்த முறை டிஎன்ஏ கெடாமல் இருக்க, எத்தனாலில் போட்டோம்.

கால் கால் என்று சொல்லிக்கொண்டே போகிறேன், அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆண் பெண்ணைப் பற்றிக்கொள்வது ஐந்தாவது ஜோடிக் காலால். வலது காலின் நுனியில் அரிவாள் போல நீண்ட கொக்கி, அதற்கு முந்தைய கணுவின் வெளி ஓரத்தில் ஒரே ஒரு முள். அந்த முள் கணுவின் நடுவில் இருக்கிறதா, நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதில்தான் எங்கள் வழக்கே நின்றது. எங்களுடையதில் நுனிக்குப் பக்கத்தில். ஏற்கெனவே பெயர் உள்ள ஒரு சிற்றினத்தின் பழைய படத்திலும் நுனிக்குப் பக்கத்தில். அப்படியானால் இது புதிது இல்லை, பழையதேதான். ஒரு வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

அதை மாற்றியவர் அருங்காட்சியகச் சேகரிப்பைக் கவனிக்கும் மேடம். அந்தப் பழைய சிற்றினத்தின் மூல மாதிரி, அதாவது பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்த அதே உயிரி, இருந்த ஸ்லைடை அனுப்ப முடியாது, பிசின் விரிசல் விட்டிருக்கிறது என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். விடாமல், ஒரே காலை மட்டம் மாற்றி மாற்றி நாற்பதுக்கும் மேல் படம் எடுத்து அனுப்பினீர்கள். அதில் பளிச்சென்று தெரிந்தது: கால் ஸ்லைடில் புரண்டு கிடக்கிறது, வரைந்தவர் சாய்ந்த கோணத்தில் பார்த்து வரைந்திருக்கிறார், உண்மையில் பழையதில் முள் நடுவில்தான் இருக்கிறது. அப்படியானால் எங்களுடையது வேறு, புதிதுதான். வரைந்தவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காலத்துக் கருவியில் அவ்வளவாவது வரைந்தது பெரிய விஷயம். ஆனால் மாதிரியைப் பத்திரமாக வைத்திருக்கும் ஆள் இல்லை என்றால் அந்தத் தவறு திருந்தவே திருந்தாது. அருங்காட்சியக அலமாரிகளுக்குச் செலவழிக்கத் தயங்குகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

வரையக் கற்றுக்கொடுத்த ஐயாவுக்கு என்ன சொல்வது. கிளிசரின் சொட்டில் ஊசிமுனையால் கால்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பது, கண்ணாடி வில்லையின் ஓரத்தை நகப்பூச்சால் அடைப்பது, நுண்ணோக்கியில் தெரிவதைத் தாளின்மேல் காட்டி வரைய உதவும் கேமரா லூசிடாவில் கோடு நடுங்காமல் இழுப்பது, எல்லாம் நீங்கள் காட்டியது. "இருக்க வேண்டியதை வரையாதே, இருப்பதை வரை" என்று சொல்லிச் சொல்லி என் படங்களை ஒன்பது முறை திருப்பிக் கொடுத்தீர்கள். ஒருமுறை உணர்கொம்பில் ஒரு மயிர் குறைகிறது என்றீர்கள், நான் இல்லை என்று வாதாடிவிட்டுப் போய்ப் பார்த்தால் அது இருந்தது.

டிஎன்ஏ பார்த்துக் கொடுத்த நண்பர்களுக்கும் நன்றி. ஒன்றரை மில்லிமீட்டர் உடம்பிலிருந்து கிட்டத்தட்ட 650 எழுத்து நீளமுள்ள மரபணுத் துண்டைப் படித்துத் தந்தார்கள், முள் சொன்னதையே அதுவும் சொன்னது.

பெயர் தெரியாத இரண்டாவது மதிப்பாய்வாளருக்குத் தனியாக ஒரு வணக்கம். ஆணை மட்டும் விவரித்துவிட்டு எழுந்துபோகப் பார்க்கிறீர்களே, பெண் எங்கே என்று கேட்டு ஆறு பக்கம் எழுதினீர்கள். படித்த அன்று கோபம் வந்தது உண்மை. மறுநாள் பெண்களை எடுத்துப் பிரித்தபோது, இனப்பெருக்கக் கணுவின் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருப்பதைப் பார்த்தோம், இத்தனை நாள் எங்கள் கண்ணில் படவே இல்லை. இப்போது பெண்ணை வைத்தே அடையாளம் காணலாம்.

உலகத்தில் நன்னீர் கோபிபாட்கள் சுமார் 2,800 சிற்றினங்கள் என்று 2008இல் கணக்குப் போட்டார்கள். சில மாதமே தண்ணீர் நிற்கும் குட்டைகளைத் தேடித் தேடிப் பார்த்தவர்கள் குறைவு. வற்றிக் கிடக்கும்போது சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்து மூடிவிடுகிறார்கள், உள்ளே முட்டைகள் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை, அதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

சரி, கடைசியாக ஒன்று. 2000 முதல் வெளியாகும் பெயர்களுக்கு மூல மாதிரி எது, எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும். எங்களுடையது மேடத்தின் அலமாரிக்குப் போகிறது, அந்தப் பழைய ஸ்லைடுக்கு இரண்டு தட்டு தள்ளி. கூடவே அண்ணன் பென்சிலால் எழுதிய சீட்டையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, சேறு இன்னும் ஒரு கைப்பிடி மீதி இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறோம். மழை பெய்து குட்டை நிறைந்ததும் ஒரு போன் போடுங்கள், எல்லோருமாகக் கிளம்பி வருகிறோம். நுண்ணோக்கியையும் எடுத்துவருகிறோம், நீங்கள் காப்பாற்றியதை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லையே.